மணிக்கூண்டு டீச்சரும் பச்சை பட்டனும்

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கணக்கு டீச்சருக்குக் கிடைக்கிற மரியாதையே தனி. ஆண்டு முழுக்க அவரைக் கண்டால் வராந்தாவின் மறுபக்கம் ஒதுங்கிப் போகிறவர்கள்கூட அந்த ஒரு வாரம் தெருவில் நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வீட்டுக்காரர் சௌக்கியமா, வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்றெல்லாம் சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்.

"அப்புறம் டீச்சர்... டைம்டேபிள் போட்டாச்சா?"

பதினோரு வருடமாக அந்தப் பள்ளியின் கால அட்டவணை அவர் கையில் இருந்தது. முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்து நான்கு வகுப்புகள், வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு பீரியட். யாருக்குக் காலை முதல் பீரியட், யாருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கி வழிகிற பீரியட், யார் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் ஒட்டுகிற ஒரு தாளில் முடிவாகிவிடும். ஆள் நெடுநெடுவென்று உயரம். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. ஆசிரியர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி.

மணிக்கூண்டை யாராலும் வளைக்க முடியவில்லை. ஒருமுறை பொருளியல் ஆசிரியர் ஒரு டப்பா பிஸ்கட்டுடன் வீட்டுக்கு வந்தார். டீச்சர் அவரை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, அவர் கொண்டுவந்த பிஸ்கட்டையே தட்டில் வைத்து அவரைச் சாப்பிட வைத்து, மிச்சத்தை டப்பாவோடு கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"நான் போடுறதில்ல சார். கணக்கு போடுது. கணக்குக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க எல்லாம் கிடையாது."

கணக்கு என்று அவர் சொன்னது ஒரு பச்சை பட்டனை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த கம்ப்யூட்டர் வாத்தியார் ஒரு ஷீட் செய்து கொடுத்திருந்தார். இடது பக்கம் ஆசிரியர்கள் பெயர் வரிசையாக இருக்கும். மேலே ஒரு பச்சை பட்டன். அதை அமுக்கினால் ஐந்து நிமிடம் முனகிவிட்டு முழு அட்டவணையையும் நிரப்பிக் கொடுத்துவிடும். மூன்று வருடம் கழித்து அந்த மனிதர் வேறு வேலை கிடைத்து வெகுதூரம் போய்விட்டார். பட்டன் மட்டும் தங்கிவிட்டது. யாராவது ஓய்வு பெற்றால் அந்த வரியில் புதிதாக வந்தவர் பெயரை அடித்துவிட்டு டீச்சர் பட்டனை அமுக்குவார். அது எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் அவர் படு கறார். "வழி காட்டாத விடைக்கு மார்க் கிடையாது" என்று சொல்லிச் சொல்லியே சரியான விடை எழுதிய பிள்ளைகளையும் அழ வைத்தவர். பச்சை பட்டன் பதினோரு வருடமாக வழியே காட்டாமல் விடை சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சரும் முழு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடம் வருடா வருடம் தவறாமல் முறையிட்ட ஒரே ஆள் பூகோள சார். குள்ளமான, மெல்லிய குரல் கொண்ட மனிதர். மழை, வெயில் எதுவானாலும் கையில் ஒரு நீளக் குடை இருக்கும். அவருக்கு வாரத்தில் நான்கு நாள், சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட், எட்டு 'சி' விழும். எட்டு 'சி' என்பது வகுப்பு அல்ல, ஒரு தட்பவெப்ப நிலை. வருடா வருடம் பிள்ளைகள் மாறினார்கள், எட்டு 'சி' மாறவில்லை. போன வருடம் அங்கே ஒருவன் உதட்டை அசைக்காமல் நாய்போலக் குரைப்பான். யார் என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

"டீச்சர், சீட்டுக் குலுக்கிப் போட்டாக்கூட ஒரு தடவையாவது மாறி விழுமே" என்று பூகோள சார் கேட்பார்.

"மத்தவங்க பீரியட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டுது சார். உங்களுதுதான் அங்க பொருந்துது. நான் என்ன பண்ண?"

சார் குடையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போவார்.

டீச்சரின் லேப்டாப்புக்கு ஒன்பது வயது. கீல் உடைந்துவிட்டதால் திரை பின்னால் சாயாமல் இருக்க ஒரு தடித்த அகராதியை முட்டுக் கொடுத்திருந்தார். கீபோர்டில் ஒரு எழுத்து எகிறிப் போய், அந்த இடத்தைப் பென்சிலின் பின்பக்கத்தால் குத்த வேண்டும். உள்ளே இருந்த விசிறி மிக்ஸி மாதிரி சத்தம் போடும். "நீ அதை ஆன் பண்ணினா பக்கத்து வீட்டுல விளக்கு மங்குது" என்பார் அவர் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டே களைத்துவிடுவதால் வீட்டில் அளந்துதான் பேசுவார்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலை, டீச்சர் லேப்டாப்பை ஆன் செய்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம். தீய்ந்த ரப்பர் வாசனை. திரை கறுத்தது.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். "போயிடுச்சு" என்றார்.

நல்லவேளை, ஷீட்டை ஒரு பென் டிரைவிலும் வைத்திருந்தார் டீச்சர். ஆனால் அதைச் செருக மெஷின் வேண்டுமே. வேறு வழியில்லாமல், கம்ப்யூட்டர் விஷயத்தில் பதினோரு வருடமாகத் தவிர்த்துவந்த ஒரு காரியத்தைச் செய்தார். தம்பிக்குப் போன் போட்டார்.

தம்பி குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பிரிவு மேற்பார்வையாளர். நாற்பத்தாறு வயது, சின்னத் தொப்பை, தங்கமான குணம். ஒரே ஒரு குறை, லினக்ஸ். கணினியில் எல்லோரும் பயன்படுத்துவதை விட்டுவிட்டு அதைப் போடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பிரசாரம் செய்வார். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். தெரியாமல் உட்கார்ந்தவர்கள் பந்தி முடியும் முன்பே கை கழுவப் போய்விடுவார்கள். அவர் மனைவி, "எங்க வீட்ல நான் ரெண்டாவதாத்தான் வந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் லேப்டாப் செத்த செய்தியைக் கேட்டதும் தம்பி வருத்தப்படத்தான் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, "இது கொஞ்சம் சகாயமா வரும். ஆனா உள்ள சிஸ்டம் எதுவும் இருக்காது. வெறும் மெஷின்தான்" என்று இழுத்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்து, அது வாயில் விழுந்ததுபோல் ஆகிவிட்டது தம்பியின் முகம். "வெறும் மெஷின் போதும்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் வேலை ஆரம்பமானது. தம்பி ஒரு பென் டிரைவைச் செருகி என்னென்னவோ செய்தார். திரையில் ஒரு படம் வந்தது.

"இது என்ன மாப்ளே, வாத்தா?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பென்குயின் மாமா. லினக்ஸோட அடையாளம்."

"பறக்குமா?"

"பென்குயின் எங்க மாமா பறக்கும்?"

"அதைத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

தம்பிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அக்கா, இனிமே இது உன் சொத்து. உனக்குத் தெரியாம இதுல ஒண்ணும் நடக்காது. உன்னை யாரும் வேவு பாக்க முடியாது."

"என்னை வேவு பாத்து என்னடா தெரிஞ்சுக்கப் போறாங்க? ஏழு 'பி'க்கு அறிவியல் யாருன்னா?"

"அது தெரியத்தான் முப்பத்தெட்டு பேர் தவம் கிடக்கிறாங்க" என்றது செய்தித்தாள்.

பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்ததாகத் தம்பி அறிவித்தார். அப்புறம் அரை மணி நேரம் பேசவே இல்லை. நெற்றி வியர்த்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. வைஃபை மட்டும் வர மாட்டேங்குது. உள்ள இருக்கிற சின்னச் சில்லு ஒண்ணு அடம் பிடிக்குது."

"யாரும் வேவு பாக்க முடியாதுன்னியே, அது இதனாலதானா?"

தம்பி தன் போனைக் கம்பி போட்டு இணைத்து, அது வழியாக இன்டர்நெட்டை உள்ளே விட்டார். பிறகு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அக்காவும் பழகட்டும் என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"முதல்ல சூடோன்னு அடி."

"சூடா? யாருக்குடா சூடு போடணும்?"

"சூ...டோ. நான்தான் இங்க எஜமானி, சொன்னதைச் செய்னு மெஷின்கிட்டச் சொல்ற வார்த்தை."

"மெஷின்கிட்ட வேற தனியாச் சொல்லணுமா?" என்று கேட்டார் கணவர்.

அடுத்து அது பாஸ்வேர்டு கேட்டது. டீச்சர் அடித்தார். திரையில் ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தார். புது கீபோர்டும் பழுதா என்று தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டப் போனவரைத் தம்பி பாய்ந்து தடுத்தார்.

"விழாதுக்கா. பக்கத்துல இருக்கிறவங்க பாத்துடக் கூடாதுன்னு அது காட்டாது. நீ பாட்டுக்கு அடி, அதுக்குத் தெரியும்."

கண்ணுக்குத் தெரியாததை அடிக்கும்போது தப்பு வரக்கூடாது என்று டீச்சர் ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில், அடித்தார். செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. அந்த எண்கள் அவருடைய பிறந்த தேதி. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட மனைவி அந்தத் தேதியை நினைவு வைத்து எதுவும் சொன்னதில்லை என்று அவருக்கு ஒரு சின்ன மனக்குறை இருந்தது. எழுந்துபோய் எல்லோருக்கும் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார்.

வைஃபை வந்தது. பிரின்டரைச் செருகியதும், யாரையும் எதுவும் கேட்காமல் அது தானாகவே சேர்ந்துகொண்டது. பழையதை ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம், இதுவோ கொண்டை போடுவதற்குள் தயாராகி நின்றது. விசிறிச் சத்தமே இல்லை. டீச்சர் இரண்டு முறை காதை வைத்துப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது முழு மார்க்குக்குச் சமம். தம்பிக்குக் கண் கலங்கியது.

அப்புறம் ஷீட்டைத் திறந்து, பச்சை பட்டனை அமுக்கினார்.

முனகல் இல்லை. அட்டவணை நிரம்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளே வரிவரியாக என்னவோ எழுதியிருந்தது. ஒரு வரியைச் சுட்டி, இதற்குமேல் நான் போக மாட்டேன் என்கிற மாதிரி ஒரு செய்தி.

"டேய்!" என்றார் டீச்சர்.

அதே நேரம் பார்த்துத் தம்பியின் போன் அலறியது. பெரிய குழாய் ஒன்று வெடித்து நடுத்தெருவில் ஆறு ஓடுகிறதாம். தம்பி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே சொன்னார்: "பட்டனுக்குப் பின்னாடி அந்த வாத்தியார் எழுதி வெச்சதுதான்கா அது. நின்னுபோன இடத்தை அது காட்டுது. பொறுமையாப் படி, உனக்குப் புரியும்!"

சனிக்கிழமை காலை டீச்சர் அந்த வரிகளை அச்செடுத்தார். ஆறு பக்கம் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துகிற மாதிரி உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. 'இப்படி இருந்தால் இப்படிச் செய், இல்லையென்றால் அப்படிச் செய்.' அட, இதைத்தானே இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம்! பட்டன் நின்றுபோன வரி மட்டும் பிடிபடவில்லை. தம்பிக்குப் போன் போட்டார். பின்னால் தண்ணீர் இரைகிற சத்தம்.

"சி-ன்னு போட்டு ரெண்டு புள்ளி வெச்சு ஏதோ விலாசம் மாதிரி இருக்குடா."

"விலாசமேதான்! பழைய மெஷின்ல ஃபைலைக் கொண்டுபோய் வெக்கிற இடம். நம்ம ஊர்ல அந்தத் தெருவே கிடையாதுக்கா. இப்போ நீ வெச்சிருக்கிற இடத்தைப் போடு... யோவ், வால்வை மூடுய்யா! ...உன்னைச் சொல்லலக்கா."

ஒரே ஒரு வரி. அதைத் திருத்திவிட்டுப் பட்டனை அமுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விடைத்தாளைப் பாதியில் மூடிவைக்கிற பழக்கம் டீச்சருக்கு இல்லை. மிச்சத்தையும் படித்தார். நான்காம் பக்கத்தில் பேனா நின்றது.

ஆசிரியர் பெயர் வரிசையில் ஏழாம் வரியில் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் எதுவும் போடாதே என்று இருந்தது. பக்கத்தில், மெஷின் படிக்காது, மனிதர்கள் மட்டும் படிக்கலாம் என்கிற ரகத்தில் ஒரு குறிப்பு: 'எனக்கு.'

அதற்கு அடுத்து, பத்தொன்பதாம் வரியில் இருப்பவருக்கு வாரம் நான்கு நாள் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் எட்டு 'சி'யைப் போடு. குறிப்பு: 'என் வண்டியில் கோடு போட்ட மகராசனுக்கு.'

டீச்சருக்கு நினைவு வந்தது. கம்ப்யூட்டர் வாத்தியார் புது ஸ்கூட்டர் வாங்கிய மூன்றாம் நாள், அதன் பக்கவாட்டில் யாரோ நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டார்கள். மனிதர் ஸ்டாஃப் ரூமின் நடுவில் நின்று கத்தினார். யாரும் வாய் திறக்கவில்லை.

பத்தொன்பதாம் வரி பூகோள சார். ஏழாம் வரி அந்த வாத்தியாரே. அவர் போன பிறகு அந்த வரியில் டீச்சர் தன் கையால் அடித்தது டிராயிங் டீச்சரின் பெயரை.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டன் நேர்மையாக இருந்தால், ஒரே ஆளுக்குப் பதினோரு வருடமும் இப்படி விழ வாய்ப்பு எவ்வளவு? புள்ளிக்குப் பிறகு சைபர் போட்டுக்கொண்டே போனார். தாளின் அகலம் முடிந்தது. சைபர் முடியவில்லை. இதை மூன்றாம் வருடமே போட்டுப் பார்த்திருக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குதான். அந்த மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போன ஒவ்வொரு முறையும் கணக்கு பொய் சொல்லாது என்று தனக்குள் பெருமைப்பட்டது நினைவுக்கு வந்து, காது மடல் இரண்டும் சூடேறின.

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"ரெண்டு வரியையும் அழிச்சிட்டுப் பேசாம இரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ வேணும்னா செஞ்ச?"

"வேணும்னு செஞ்சவனுக்கு ஒரு மார்க்காவது போடலாங்க. வழி தெரிஞ்சு செஞ்சான். நான் பாக்காமலே 'சரி' போட்டிருக்கேன், பதினோரு தடவை."

கணவர் ரசத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

இரண்டு வரிகளையும் நீக்கினார் டீச்சர். பட்டனை அமுக்கினார். பத்து வினாடியில் அட்டவணை நிரம்பியது. சாப்பாட்டுக்குப் பிந்தைய எட்டு 'சி' எங்கே விழுந்திருக்கிறது என்றுதான் கண் முதலில் ஓடியது. ஒரு நாள் தமிழ் ஐயாவுக்கு. ஒரு நாள் பொருளியலுக்கு. மூன்று நாள் கணக்கு, அதாவது அவருக்கே.

விரல் பச்சை பட்டனுக்கு மேலே போய் நின்றது.

"மறுபடி அமுக்கினா மாறுமா?" பின்னால் நின்ற கணவர் கேட்டார்.

"மாறும்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லி, டீச்சர் அச்செடுக்கக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்கு முன்பே அவர் ஹெட்மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னார். ஹெட்மாஸ்டருக்குப் பிரச்சினைகள் பிடிக்காது. அவை தானாகவே வயதாகிச் செத்துவிடும் என்பது அவர் கொள்கை.

"டீச்சர், சரி பண்ணிட்டீங்கல்ல? அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாடியும்..."

"வழியையும் காட்டணும் சார்."

கூட்டத்தில் எழுந்து நின்றார். நின்றதுமே எல்லோரும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று, அவ்வளவு உயரம். ஒன்றையும் விடாமல் சொன்னார். குறிப்புகளைப் படிக்கும்போது மட்டும் 'மகராசனுக்கு' என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது. கடைசியில் பூகோள சார் பக்கம் திரும்பினார்.

"சார், பதினோரு வருஷமா நீங்க கேட்டு வந்தப்பல்லாம் என்னன்னு பாக்காமலே உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

மணிக்கூண்டு மன்னிப்புக் கேட்டு அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. பூகோள சார் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. வழக்கத்தைவிட மெல்லிய குரலில், "டீச்சர், நீங்க எதுக்கு... அதாவது... அந்தக் கோடு..." என்றார்.

"சொல்லுங்க சார்."

"நான் போட்டதுதான். குடையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வண்டிகளுக்கு நடுவுல இருந்த இடுக்கு வழியா வந்தேன். கம்பி உரசிடுச்சு. அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவர் கத்தின கத்துல நாக்கு எழல. சரி, யாரும் பாக்கலன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "பாத்திருக்கான் பாவி" என்றார்.

முதலில் சிரித்தது தமிழ் ஐயா. அப்புறம் அறையே சிரித்தது. ஹெட்மாஸ்டர் சிரிக்கலாமா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பூகோள சாருக்குப் பதினோரு வருடப் பாரம் இறங்கியதில் கண்ணில் தண்ணீர் முட்டியது. கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்காமல், "ஒரு கோட்டுக்குப் பதினோரு வருஷம் அதிகம் சார். ஒரு மாசம் போதும். மிச்சத்துக்கு நான்தான் பொறுப்பு" என்றார்.

சிரிக்காத இன்னொரு ஆள் டிராயிங் டீச்சர். உருண்டை முகம், எப்போதும் விரல் நுனியில் வண்ணம், எதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிற மனசு. எட்டு வருடமாக வெள்ளிக்கிழமை மதியம் அவர் நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே இப்போது சின்னக் குழந்தைகளுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

"நான் அது ஆண்டவன் எனக்குன்னு ஒதுக்கினதுன்னு நெனச்சேன் டீச்சர்" என்றார் உடைந்த குரலில்.

"அவன் இல்லம்மா, கம்ப்யூட்டர் வாத்தியார்" என்றார் தமிழ் ஐயா.

டிராயிங் டீச்சர் ஒரு வாரம் கணக்கு டீச்சரிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, சுவரின் முன்னால் நின்றார். அங்கே அட்டவணைக்குப் பக்கத்தில் அந்த ஆறு பக்கங்களையும் கணக்கு டீச்சர் ஒட்டிவைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கீழே ஒரு நூலில் சிவப்புப் பேனா தொங்கியது. டிராயிங் டீச்சருக்குப் படம் போடுகிற கண். எங்கே இடது வலது ஒத்துப்போகவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. விளையாட்டு பீரியட் முடிஞ்ச உடனே கணக்கு பீரியட் வரக்கூடாதுன்னு மேல் வகுப்புக்கு மட்டும்தான் இருக்கு. சின்ன வகுப்புக்கு இல்ல. பிள்ளைங்க மூச்சு வாங்கிட்டே எழுதுதுங்க."

கணக்கு டீச்சர் எழுந்துவந்து பார்த்தார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். அன்று மாலையே ஒரு வரி சேர்ந்தது. கைமாறாக வெள்ளிக்கிழமை மதியத்தைக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நீச்சல் வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது.

அதோடு போயிற்று டீச்சரின் நிம்மதி. பிஸ்கட் டப்பாவோடு வந்தவர்கள் இப்போது தாளோடு வந்தார்கள். "டீச்சர், மூணாம் பக்கம் எட்டாவது வரி..." என்று வராந்தாவில் மறித்தார்கள். பொருளியல் ஆசிரியர் கண்டுபிடித்த ஏழு பிழைகளில் ஆறு பிழையே இல்லை, ஏழாவது உண்மையிலேயே பெரிய பிழை. தம்பிக்கோ கால் தரையில் பாவவில்லை. "பாத்தியாக்கா, திறந்து வெச்சா பத்துக் கண்ணு பாக்கும். இதைத்தான் நான் பதினஞ்சு வருஷமாச் சொல்றேன்!" என்று போனில் கூவினார். பழைய மெஷினிலும் அந்த வரிகள் அங்கேயேதான் இருந்தன, பார்க்காதது நான்தான் என்று அக்கா சொன்னது அவர் காதில் விழவே இல்லை. அடுத்த ஞாயிறு, கடைக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போடச் சொல்லி அவர் கண்ணாடிக் கடையில் போய் நின்றார். அங்கே மாமா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைச் சோதித்து, படிக்கிற கண்ணாடி ஒன்று மாட்டி அனுப்பிவிட்டார்.

அரையாண்டு சமயத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாரின் விலாசம் கிடைத்து, டீச்சர் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். திட்டவில்லை. என்ன கண்டுபிடித்தார், என்ன செய்தார் என்று படிப்படியாக எழுதியிருந்தார். இரண்டு நாளில் பதில் வந்தது.

'டீச்சர், அந்த ஷீட்டையா இன்னும் வைத்திருக்கிறீர்கள்? அந்த ஒரு வருடத்துக்கு ஒப்பேற்ற, ஒரு மதியத்தில் உட்கார்ந்து எழுதியது அது. அடுத்த வருடம் நல்லதாக ஒன்று எழுதித் தருவதாக இருந்தேன், மறந்துவிட்டேன். பூகோள சாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ரொம்ப நல்ல மனிதர்.'

டீச்சர் அதை ஸ்டாஃப் ரூமில் உரக்கப் படித்துக் காட்டினார். பூகோள சார் மூலையில் இருந்த குடையை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தார்.

அடுத்த வருடம் அட்டவணை போட ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். கணக்கு டீச்சரின் லேப்டாப்பைச் சுற்றி டிராயிங் டீச்சர், பூகோள சார், பொருளியல் ஆசிரியர், எதற்கென்று தெரியாமல் தமிழ் ஐயா. முன்பு ஒரே நாளில் முடிந்த வேலை மூன்று நாள் இழுத்தது. ஒவ்வொரு வரியையும் ஏன் என்று யாராவது கேட்டார்கள், யாராவது பதில் சொன்னார்கள், யாராவது கோபித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் ஹெட்மாஸ்டர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"எங்க சார்" என்றார் பூகோள சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்பது 'ஏ'வுக்கு வியாழக்கிழமை ஆறாவது பீரியட் இன்னும் உதைக்குது. நீங்களும் அந்த நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கங்க."